புலன்காட்சி நாம் செய்யும் செயலா? எனாக்டிவ் அணுகுமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும், உலகம் தானாக உள்ளே வந்து விழுந்துவிடும் என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். பார்ப்பதும் தொடுவதும் கேட்பதும் நடப்பதைப் போல, நீந்துவதைப் போல நாம் செய்கிற செயல்கள் என்று சொல்லும் 'எனாக்டிவ்' (enactive) அணுகுமுறை என்ற ஒரு கொள்கை, கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தத்துவத்தில் விவாதிக்கப்பட்டு வருகிறது. அதைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

இந்தக் கொள்கை சுருக்கமாக என்ன சொல்கிறது?

அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வா நோவே 2004-இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்: புலன்காட்சி நமக்கு நேர்வதும் அன்று, நமக்குள் நிகழ்வதும் அன்று, நாம் செய்வது. அதற்கு அவர் காட்டும் முன்மாதிரி, கைத்தடியால் தட்டித் தட்டி வழி அறியும் பார்வையற்றவர். தடியின் நுனி ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் தொடுகிறது. ஆனால் தட்டத் தட்டப் படிக்கட்டும் சுவரும் பள்ளமும் இருக்கும் இடங்கள் அவருக்குத் தெளிவாகின்றன. கண்ணால் பார்ப்பதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோவேயின் வாதம்.

இதன் மையத்தில் இருப்பதைப் 'புலனியக்க அறிவு' என்று சொல்லலாம். நான் அசைந்தால் எனக்குக் கிடைக்கும் உணர்வு எப்படி மாறும் என்பதைப் பற்றிய அறிவு அது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படிச் சமநிலை காக்கிறீர்கள் என்று கேட்டால் விளக்கத் தெரியாது, ஆனால் ஓட்டிக் காட்டுவார். புலனியக்க அறிவும் அதே வகையான, உடம்பில் ஊறிய அறிவு. அது இல்லாவிட்டால் விழித்திரையில் ஒளி விழும், நரம்புகள் துடிக்கும், ஆனால் எதையும் 'பார்த்ததாக' ஆகாது என்பதே இந்தக் கொள்கையின் துணிச்சலான பகுதி.

இது எந்தக் கருத்தை மறுக்கிறது?

விழித்திரையில் விழும் மங்கலான, தலைகீழான பிம்பத்திலிருந்து மூளை படிப்படியாகக் கணக்கிட்டு உலகத்தின் முழுமையான படம் ஒன்றை உள்ளே கட்டியெழுப்புகிறது என்ற கருத்தை. பார்வையை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் டேவிட் மார் இறந்த பிறகு, 1982-இல் வெளியான அவருடைய நூல் இக்கருத்துக்கு மிகத் துல்லியமான வடிவம் தந்தது. இப்படிப்பட்ட கொள்கைகளின் பொதுச் சட்டகத்தைத் தத்துவவாதி சூசன் ஹர்லி கேலியாகச் 'சாண்ட்விச்' என்றார். புலன்வழி வருவது ஒரு ரொட்டித்துண்டு, செயலாக வெளியே போவது இன்னொரு ரொட்டித்துண்டு, நடுவில் வைத்த மசாலாதான் சிந்தனை. எனாக்டிவ் அணுகுமுறையைப் பொறுத்தவரை இரண்டு ரொட்டித்துண்டுகளையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கவே முடியாது.

'எனாக்டிவ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்வது?

சிலி நாட்டு உயிரியலாளர் ஃபிரான்சிஸ்கோ வரேலா, இவான் தாம்ப்சன், எலினோர் ராஷ் ஆகிய மூவரும் 1991-இல் எழுதிய நூலின் வழியே இச்சொல் மனத்தத்துவத்தில் நிலைபெற்றது. ஏற்கெனவே முழுமையாக அமைந்துவிட்ட ஓர் உலகத்தை மனம் பிரதியெடுக்கவில்லை, உயிரினம் தன் செயல்களின் வழியே தனக்குரிய உலகத்தை நிகழ்த்திக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன பொருள். அவர்களுக்குப் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தியின் உடல் பற்றிய தத்துவமும், எதற்கும் தனித்த நிலையான இருப்பு இல்லை என்னும் பௌத்த மாத்யமிக மரபும் உந்துதலாக இருந்தன.

தமிழில் 'செயல்வழி' என்று எழுதத் தோன்றும். ஆனால் பி.எட். படித்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரை நினைவூட்டும். குழந்தையின் அறிவு வளர்ச்சியில் அவர் சொன்ன முதல் நிலைக்கும் இதே ஆங்கிலச் சொல்தான், அதைத்தான் தமிழில் செயல்வழி நிலை என்கிறார்கள். பள்ளிகளில் பேசப்படும் செயல்வழிக் கற்றல் என்பதோ வேறு. இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே 'எனாக்டிவ்' என்றே எழுதியிருக்கிறேன். புலன்களின் வழியே பொருள்களை அறிவதற்கு, உளவியல் பாடநூல்களில் வழங்கும் 'புலன்காட்சி' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன். வெறும் ஒளி, அழுத்தம், ஒலி ஆகியவை ஏற்படுத்தும் தாக்கத்துக்கு 'உணர்வு' என்ற சொல்.

புலனியக்க அறிவை நானே உணர்ந்து பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவது, கைக்கு எட்டிய ஒரு துணி. ஆள்காட்டி விரலை அதன்மீது அழுத்தாமல் வைத்து, விரலைக் கொஞ்சமும் அசைக்காமல் இருங்கள். ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் அதன் சூடோ குளிர்ச்சியோ மட்டுமே தெரியும். அது பட்டா, பருத்தியா, கதரா என்று சொல்வது கடினம். இப்போது விரலை ஓர் அங்குலம் நகர்த்துங்கள், இழையின் சொரசொரப்பு உடனே வந்துவிடும். ஜவுளிக்கடையில் புடவை எடுக்க வந்தவர் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்ப்பதும் இதற்காகவே. சொரசொரப்பு என்பது எந்த ஒரு நொடியிலும் விரல்நுனியில் இருப்பதன்று. விரலின் நகர்வுக்கும் அதனால் மாறும் உணர்வுக்கும் இடையிலான ஒழுங்கில்தான் அது இருக்கிறது.

இரண்டாவது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தில் இமையின் மேலாக விரலால் மிக மென்மையாக ஒருமுறை தட்டுங்கள். எதிரே இருக்கும் சுவர் குலுங்கும். அதே கண்ணை நீங்களாகவே இடமும் வலமும் உருட்டினால் விழித்திரையில் பிம்பம் அதைவிடப் பன்மடங்கு நகர்கிறது, ஆனாலும் சுவர் அசையாமல் நிற்கிறது. நாமே செய்த அசைவால் என்ன மாறும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும், விரல் செய்த அசைவு அந்தக் கணக்கில் இல்லை. எனாக்டிவ் தரப்புக்கு இது பிடித்தமான உதாரணம்தான். ஆனால், கண் தசைக்கு அனுப்பிய கட்டளையின் ஒரு நகலை மூளை வைத்துக்கொண்டு பிம்பத்தின் நகர்வை அதிலிருந்து கழித்துக்கொள்கிறது என்று மரபான விளக்கமும் இதைச் சமாளித்துவிடுகிறது. அதனால் இரண்டாவது சோதனையை நான் நிரூபணமாக எண்ணுவதில்லை. முதலாவதை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது.

தக்காளி உதாரணம் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

மேசைமேல் இருக்கும் தக்காளியின் முன்பக்கம் மட்டுமே கண்ணுக்கு எட்டுகிறது. ஆனாலும் பாதித் தக்காளியை, சிவப்பு ஓடு ஒன்றை, பார்ப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. முழுத் தக்காளி அங்கே இருப்பதாகவே தோன்றுகிறது. பின்பக்கம் இருப்பதாக ஊகிக்கிறோம் என்று சொன்னாலும் போதாது. சுவருக்குப் பின்னால் அடுத்த அறை இருப்பதையும் ஊகிக்கிறோம், ஆனால் அது கண்முன் இருப்பதாகத் தோன்றுவதில்லை. தக்காளியின் மறுபக்கமோ, காணாமலேயே காட்சியில் கலந்திருக்கிறது.

நோவேயின் விடை இது: தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பக்கம் எப்படி வந்து சேரும் என்பது நமக்கு உடம்பளவில் தெரியும். அந்த எட்டும் தன்மைதான் மறுபக்கம் 'அங்கே இருப்பது'. கம்பி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பூனையைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுப் பூனையாகப் பார்ப்பதும் இப்படித்தான். எனாக்டிவ் எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் சோதனைக்கூடத்துக்குப் போகாமலேயே, எல்லோரும் தினமும் கண்டும் கவனிக்காமல் விட்ட ஒரு புதிரை இது முதலில் புதிராக்கிக் காட்டுகிறது. விடை தவறாகவே இருந்தாலும் கேள்வி நிற்கும்.

கண்ணை அசைக்காமல் ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போதும் பார்க்கிறோமே?

உற்றுப் பார்க்கும்போதும் கண் ஓய்வதில்லை, மிக நுண்ணிய அசைவுகள் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கின்றன. 1950-களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள், கண்ணில் பொருத்திய வில்லையின் துணையோடு, கண் எப்படி அசைந்தாலும் பிம்பம் விழித்திரையில் ஒரே இடத்தில் நிற்குமாறு செய்தார்கள். சில நொடிகளில் அந்த உருவம் மங்கி மறைந்துவிட்டது. ஆனால் இதிலிருந்து அதிகம் பெற முடியாது. மாற்றம் இல்லாத தூண்டலுக்கு நரம்புகள் சலித்துப்போகும் என்பதே இதற்குப் போதுமான விளக்கம். மாற்றம் தேவை என்பது வேறு, அந்த மாற்றத்தை நாமே செய்ய வேண்டும் என்பது வேறு.

இந்தக் கொள்கைக்குச் சோதனைச் சான்றுகள் உண்டா?

அதிகம் எடுத்துக்காட்டப்படுபவை இரண்டு.

1963-இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் இருவரும் வெளியிட்ட பூனைக்குட்டிச் சோதனை முதலாவது. இருட்டில் வளர்க்கப்பட்ட குட்டிகளை இரண்டிரண்டாக ராட்டினம் போன்ற ஒரு கருவியில் பூட்டினார்கள். ஒரு குட்டி தன் கால்களால் நடந்து சுற்றும். மற்றது, எதிர்முனையில் தொங்கும் சிறு கூடையில் உட்கார்ந்தபடி, முதல் குட்டி நடப்பதற்கு ஏற்பச் சுற்றிவரும். கோடு போட்ட அதே சுவரைத்தான் இரண்டும் பார்த்தன. நாளுக்கு 3 மணி நேரம் இப்படிக் கழித்த பிறகு சோதித்தபோது, நடந்த குட்டி கண்முன் வரும் பொருளுக்கு இமைத்தது, தரையை நோக்கித் தாழ்த்தினால் பாதத்தை நீட்டியது, பள்ளம் போலத் தெரியும் கண்ணாடிப் பக்கத்தைத் தவிர்த்தது. கூடையில் இருந்த குட்டி இவற்றைச் செய்யவில்லை. பிறகு வெளிச்சத்தில் சுதந்திரமாக நடமாடவிட்டதும் அதுவும் சில நாட்களில் தேறிவிட்டது.

இரண்டாவது, பால் பாக்-இ-ரீட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1969-இல் வெளியிட்டது. பழைய பல் மருத்துவ நாற்காலி ஒன்றின் முதுகுப்புறத்தில் 20 வரிசைகளில் 20 வீதம் 400 சிறு அதிர்விகளைப் பதித்தார்கள். ஒரு தொலைக்காட்சிக் கேமரா பிடித்த உருவம் அந்த அதிர்வுகளாக, நாற்காலியில் உட்கார்ந்த பார்வையற்றவரின் முதுகில் பதிந்தது. கேமராவை வேறொருவர் இயக்கியபோது முதுகில் ஏதோ குறுகுறுக்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கேமராவைத் தாமே திருப்பி, முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியவர்களுக்கோ பொருள்கள் முதுகில் இல்லை, எதிரே இருப்பதாகத் தெரியத் தொடங்கின. ஒருமுறை, பழகிய ஒருவருக்குத் தெரியாமல் கேமராவின் ஜூம் நகர்த்தப்பட்டது. எதிரே இருப்பது திடீரெனப் பெரிதாகவே, அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தார். அதிர்வுகள் வந்ததோ அவருடைய முதுகிலிருந்து.

இரண்டாவது சோதனைதான் வலுவானது என்பது என் கருத்து. பூனைக்குட்டிகளைப் பற்றிய விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கூடையில் இருந்த குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லையா, பார்த்ததை வைத்துக் காலை நீட்டத் தெரியவில்லையா? சோதித்தவை எல்லாம் காலோடும் உடலோடும் தொடர்புடைய பதில்கள். அவற்றை வைத்து அந்தக் குட்டியின் காட்சி எப்படியிருந்தது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

அப்படியானால் முழுக் காட்சியும் ஒரேயடியாகக் கண்முன் விரிவதாகத் தோன்றுவது மாயையா?

1997-இல் ரென்சிங்க், ஓரீகன், கிளார்க் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தையும் அதில் ஒன்றை மட்டும் மாற்றிய படத்தையும் நடுவே ஒரு கண வெற்றுத்திரையோடு மாறி மாறிக் காட்டினார்கள். மாற்றம் மிகப் பெரியதாக இருந்தும் பலருக்கு அதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் பிடித்தது. மூளைக்குள் முழுமையான படம் ஒன்று இருந்திருந்தால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு உடனே சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி எழுகிறது.

கூர்மையாகப் பார்க்கும் பகுதி, கையை நீட்டினால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சற்றுத்தான் பெரியது. ஆனாலும் எல்லாம் தெளிவாக இருப்பதாகத் தோன்றுகிறது. இதை மாயை என்று சொல்பவர்கள் உண்டு. ஓரீகனும் நோவேயும் 2001-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வேறு வழியில் போகிறார்கள்: விவரங்கள் எல்லாம் தலைக்குள் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, அங்கே வெளியில் இருப்பதாகவே தோன்றுகிறது, அது உண்மைதான். கண்ணைத் திருப்பினால் கிடைத்துவிடும் என்னும்போது சேமித்து வைக்க என்ன தேவை? உலகமே நமக்கு வெளியில் இருக்கும் நினைவகம் என்பது ஓரீகனின் பழைய வாதம். பீரோவில் இருக்கும் வேட்டியை எண்ணிக் காட்ட முடியாவிட்டாலும் வேட்டி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் மாயையில் இருப்பதாகச் சொல்ல மாட்டோம்.

உடல் முழுவதும் செயலிழந்தவர்களும் பார்க்கிறார்களே, இதற்கு என்ன பதில்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், இதில்தான் கொள்கையின் இரண்டு வடிவங்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்கு ஒவ்வொரு கணமும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நோவே சொல்லவில்லை. அசைந்தால் என்னவாகும் என்ற அறிவு இருந்தால் போதும் என்கிறார். கைகால் செயலிழந்தவருக்கும் அந்த அறிவு இருக்கிறது, கண்ணையும் தலையையும் அவர் அசைக்கவும் கூடும். இவ்வளவும் சரி. ஆனால் இந்தப் பதிலோடு கொள்கையின் வேகம் குறைந்துவிடுகிறது. பார்ப்பது ஒரு செயல் என்று தொடங்கியது, பார்ப்பதற்குச் செயலைப் பற்றிய அறிவு வேண்டும் என்று சுருங்கிவிட்டது.

அமெரிக்கத் தத்துவவாதி நெட் பிளாக் 2005-இல் எழுதிய விமர்சனம் இன்னும் கூர்மையானது. ஒன்றுக்குக் காரணமாக இருப்பது வேறு, ஒன்றாகவே இருப்பது வேறு. பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தது ஒருவர் நீந்துவதற்குக் காரணம். கையும் காலும் அடிப்பதோ நீச்சலுக்குக் காரணமன்று, அதுவே நீச்சல். உடலசைவும் அதைப் பற்றிய அறிவும் புலன்காட்சி உருவாகக் காரணமாகின்றன என்பதைப் பூனைக்குட்டியும் நாற்காலியும் காட்டலாம். அவைதான் புலன்காட்சி என்பதை எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை. நோவே முதலாவதற்குரிய சான்றுகளை அடுக்கி இரண்டாவதை முடிவாகச் சொல்கிறார் என்பது பிளாக்கின் குற்றச்சாட்டு. பார்வையைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது என்றே நினைக்கிறேன். தொடுதலைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன். விரலின் நகர்வை நீக்கிவிட்டால் சொரசொரப்பு என்று எதைச் சொல்வது என்றே தெரியவில்லை. ஒரே கொள்கையை எல்லாப் புலன்களுக்கும் சம அளவில் பொருத்தியாக வேண்டும் என்ற அவசியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் புரியாதது.

கனவில் உடல் அசைவதில்லை, ஆனாலும் காட்சி வருகிறதே?

கனவுக் காட்சியும் விழிப்புக் காட்சியும் ஒரே வகையானவை என்பதை முதலில் நிறுவ வேண்டும் என்று எனாக்டிவ் தரப்பு பதில் சொல்கிறது. கனவில் ஒரு பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தால் வேறு எழுத்து இருப்பது பலருக்கும் நேர்ந்திருக்கும். துழாவிப் பார்க்க வெளியே எதுவும் இல்லாததால் கனவு நிலைகொள்வதில்லை என்று விளக்குகிறார்கள். நல்ல பதில்தான், ஆனால் காட்சி இருந்தது என்பதை அது மறுக்கவில்லை.

மூளைக்கு வேலையே இல்லை என்கிறதா இந்தக் கொள்கை?

இல்லை. மூளை மட்டும் போதாது என்கிறது.

பிறவியிலேயே பார்வையில்லாதவருக்குப் பார்வை வந்தால் என்ன ஆகும்?

1688-இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மோலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் எழுப்பிய கேள்வி இது. உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறியப் பழகிய பார்வையற்றவர், திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமல் பார்த்தே எது எது என்று சொல்வாரா? மோலினோவின் மனைவி பார்வை இழந்தவர் என்பதால் இது அவருக்கு வெறும் புத்தகக் கேள்வியாக இருந்திருக்காது.

இதற்கு மிகத் தெளிவான சோதனை நடந்தது டெல்லியில். எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரை போன்ற குறைகளோடு வளர்ந்த சிறுவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தரப்படுகிறது. அவர்களில் 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சிகிச்சைக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் சோதித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதன் முதல் ஆசிரியர், 48 ஆண்டுகளுக்கு முன் பூனைக்குட்டிகளை ராட்டினத்தில் சுற்றவிட்ட அதே ரிச்சர்ட் ஹெல்ட். ஒரு பொம்மைக் கட்டையைக் கையால் தொட்டுவிட்டு, கண்ணால் பார்க்கும் இரண்டில் எது அது என்று சொல்லும்படி கேட்டபோது அவர்களின் விடைகள் ஏறக்குறைய குருட்டாம்போக்கில் சொல்வதற்குச் சமமாக இருந்தன. ஆனால் சில நாட்களிலேயே, தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல், வெகுவாக முன்னேறினார்கள்.

எனாக்டிவ் கொள்கைக்குச் சாதகமாகவே இதை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரு கட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு, கண்ணாலேயே அதை அடையாளம் காண்பதில் அந்தச் சிறுவர்கள் தொடக்கத்திலேயே நன்றாகச் செய்தார்கள். புலனியக்க அறிவு இல்லாதவருக்கு உணர்வுகள் மட்டும் இருக்கும், காட்சி இருக்காது என்று நோவே 2004-இல் எழுதியது முழு உண்மையானால், இரண்டு நாள் பழகிய கண்ணால் உருவங்களை இவ்வளவு எளிதில் பிரித்திருக்க முடியுமா? சிகிச்சைக்கு முன்பே மங்கலான வெளிச்சத்தில் ஏதோ பழகியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது சமாதானம்தான்.

பார்வைக்கு மூளையில் இரண்டு பாதைகள் இருப்பது இந்தக் கொள்கையைப் பொய்யாக்குகிறதா?

மில்னரும் குடேலும் ஆராய்ந்த டி.எஃப். என்று குறிப்பிடப்படும் பெண்மணி, கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்டவர். நீளமான ஒரு துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஓர் அட்டையைக் கொடுத்துத் துளைக்குள் போடச் சொன்னால் சரியான சாய்வில் திருப்பிப் போட்டார். செயலை வழிநடத்தும் பார்வையும் உணர்ந்து காணும் பார்வையும் மூளையில் தனித்தனிப் பாதைகளில் நடக்கின்றன என்றால் பார்ப்பதைச் செயலோடு சேர்ப்பது எப்படி என்று கேட்கிறார்கள். இந்த எதிர்வாதம் குறி தவறியது. பார்ப்பது செயலுக்காகவே என்று நோவே சொல்லவில்லை, அசைவுக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பை அறிந்திருப்பதையே பேசுகிறார்.

வரேலாவும் நோவேயும் சொல்வது ஒன்றுதானா?

பெயர் ஒன்று, அக்கறைகள் வேறு. வரேலா உயிரிலிருந்து தொடங்குகிறார். தன்னைத் தானே கட்டிக் காக்கும் உயிரணுவிலேயே பொருள் காணுதல் தொடங்கிவிடுகிறது என்பது அவர் வழி. நோவேக்கு உயிரியலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, காட்சியின் அமைப்பைப் பற்றியே எழுதுகிறார். தத்துவவாதிகள் ஹட்டோவும் மியினும் 2013-இல் வெளியிட்ட நூலில் இவ்விருவரையும் தாண்டி, அடிப்படைப் புலன்காட்சியில், உலகம் இப்படியிருக்கிறது என்று சித்தரிக்கும் உள்ளடக்கம் என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். புலனியக்கத்தை 'அறிவு' என்று நோவே அழைப்பதுகூட அவர்களுக்குப் பழைய பழக்கமாகவே படுகிறது. ஒருவரைப் படித்துவிட்டு மற்றவரை மறுப்பவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் 'தொட்டுப் பார்', 'கேட்டுப் பார்', 'ருசித்துப் பார்' என்கிறோமே, நம் மொழியே இந்தக் கொள்கையைச் சொல்கிறதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒருகணம் ஆம் என்று சொல்லத் தோன்றும். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம், அங்கெல்லாம் 'பார்' என்றால் முயன்று அறிதல்தான். ஆனால் 'எழுதிப் பார்', 'போய்ப் பார்' என்றும் சொல்கிறோம். துணைவினையாக வரும்போது அந்தச் சொல் கண்ணை விட்டு விலகி, சோதித்தல் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. மொழி வழக்கு ஒரு கொள்கைக்கு நல்ல உதாரணம் தரலாம், சான்று தராது. கண்ணின் ஒளி வெளியே சென்று பொருளைத் தொடுகிறது என்ற நியாய மரபின் கருத்தையும் சிலர் இத்துடன் இணைக்கிறார்கள். அது ஒளி எப்படிப் பயணிக்கிறது என்பதைப் பற்றிய பழைய விளக்கம், இங்கே பேசப்படும் திறனைப் பற்றியது அன்று.

படத்தில் இருப்பது பூனை என்று சொல்லும் கணினி நிரல் பூனையைப் பார்க்கிறதா?

இக்கொள்கைப்படி இல்லை. கோடிக்கணக்கான படங்கள் கொடுக்கப்பட்டிருந்தாலும் அது கூடையில் உட்கார்ந்த பூனைக்குட்டியின் நிலையில்தான் இருக்கிறது. காட்டியதைப் பெற்றதே தவிர, தலையைச் சாய்த்து வேலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கேமராவைத் தானே திருப்பி, இடித்து, விலகி, மறுபடி வந்து பழகும் இயந்திர மனிதனைப் பற்றிக் கேட்டால் நோவேயின் கொள்கையில் அவ்வளவு உறுதியான மறுப்பு கிடைக்காது. உயிரிலிருந்து தொடங்கும் வரேலாவின் வழியில் வருபவர்களோ, தன்னைத் தானே பேணிக்கொள்ளாத அந்த இயந்திரத்துக்கும் இல்லை என்றே சொல்வார்கள்.